வாணம் விடப் பழகுகிறேன்

கோயில் திருவிழா வாணங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த நான், இப்போது ஒரு அண்ணனிடம் முறையாகத் தொழில் பழகுகிறேன், அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும். இலங்கையில் வெடிபொருள் என்றாலே 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டம் வந்துவிடும், விளையாட்டில்லை.

முதல் பாடம் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில். வாணக் குண்டை மேலே எறியும் குழாயை மணலில் முக்கால்வாசி புதைத்து, சுற்றிவர மிதித்து இறுக்கி, வாயைக் கடல் பக்கம் கொஞ்சம் சரித்துவிட்டு, அப்புறம் அண்ணன் ஒரு பிடி மணலைத் தூவி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று என்றால் புகை கடலுக்குப் போகும், தெற்கிலிருந்து வரும் சோளகம் என்றால் யோசிக்க வேண்டும். அமெரிக்கத் தரநியமத்தில் குண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு 70 அடி என்று சனத்தைத் தள்ளி நிறுத்துவார்கள், 4 அங்குலத்துக்கு 280 அடி. நம் திருவிழாக்களில் பிள்ளைகள் குழாயடியிலேயே நிற்கிறார்கள், அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சிவப்புக்கு ஸ்ட்ரோன்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. நீலம்தான் கஷ்டம், சூடு கூடினால் நிறம் வெளிறிவிடும்.

வெடிக்காத குழாய்க்குள் மட்டும் எட்டிப் பார்க்கவே கூடாது. அரை மணித்தியாலம் விட்டு, தூர நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்று ஒன்று அப்படி நின்றது, நாங்கள் இருட்டில் பேசாமல் காத்திருந்தோம்.