‘கெடு’ ‘கேடு’ ஆன பிறகு

போன மாதம் ஒரு கட்டுரையில் ‘விண்ணப்பிக்கக் கெடு மார்ச் 31’ என்று வர வேண்டிய இடத்தில் ‘விண்ணப்பிக்கக் கேடு மார்ச் 31’ என்று இருந்தது. நான் இரண்டு முறை படித்தும் கண்ணில் படவில்லை. கட்டுரை வெளியாவதற்கு அரை மணி நேரம் முன்பு எழுதியவரே பார்த்துச் சொல்லிவிட்டார், பிழைத்தோம். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் பார்ப்பதுதான் என் வேலை, என் சோறு.

மறுநாள் காலையில் அதே வரியைத் திரையில் திறந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் இணைய இதழின் முன்னோட்டப் பக்கம் அது. எழுத்து பொடியாக இருந்தது. அந்த அளவில் ‘ெ’வுக்கும் ‘ே’வுக்கும் இடையே இருப்பது மேலே ஒரு சின்னச் சுழி மட்டும்தான். அந்தச் சுழி திரையின் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படித்தான், பக்கத்தில் போனால்தான் இருக்கிறதா இல்லையா என்றே தெரிகிறது. துணைக்காலும் ‘ர’வும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலம் அதே அளவில் தெளிவாகத்தான் இருக்கிறது. அதற்கு மேலே கொம்பும் சுழியும் இல்லையே. ஒரே அளவை இரண்டுக்கும் கொடுத்தால் தமிழ்தான் நசுங்குகிறது.

மகனிடம் சொன்னேன். “அம்மா, கன்ட்ரோலும் ப்ளஸும் அழுத்துங்க, பெருசாயிடும்” என்றான். அது எனக்கும் தெரியும். அழுத்தினால் எழுத்தோடு சேர்த்துப் பக்கமே ஊதிவிடுகிறது. படம், பட்டை, பொத்தான் எல்லாம் பெரிதாகி, ஒரு கட்டத்தில் பக்கம் போனில் தெரிகிற மாதிரி ஒற்றைப் பத்தியாக மாறி, ஓரத்தில் இருந்த திருத்தக் குறிப்புகள் எங்கோ கீழே போய்விடுகின்றன. ஒவ்வொரு வரிக்கும் மேலும் கீழும் ஏறி இறங்க முடியாது.

உலாவியின் (பிரவுசரின்) அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். எழுத்தளவு என்று ஒன்று இருந்தது, ஆனால் எல்லா மொழிக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. தமிழுக்காகக் கூட்டினால் ஆங்கிலப் பக்கங்கள் கத்துகிற மாதிரி இருந்தன. சரி, வேறொரு உலாவியைப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். பெயரும் நிறமும்தான் வேறு, அமைப்புகளுக்குள் போனால் கிட்டத்தட்ட அதே பக்கம். எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி எல்லாமே இன்று குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன என்று அப்புறம் படித்தேன். உள்ளே வேறு இயந்திரத்தோடு ஓடுவது ஆப்பிளின் சஃபாரியும் மொஸில்லாவின் ஃபயர்பாக்ஸும் போல வெகு சிலதான். என் கணினி விண்டோஸ், அதனால் சஃபாரிக்கு வழியில்லை.

ஃபயர்பாக்ஸ் எனக்குப் புதிதில்லை. நான் வலைப்பதிவு எழுதத் தொடங்கிய காலத்தில் அதை எல்லாரும் ‘நெருப்பு நரி’ என்றுதான் எழுதுவோம். அந்தக் காலத்தில் சில உலாவிகளில் பத்தியை இரண்டு ஓரமும் சமமாக அடுக்கினால் தமிழ் சிதறிவிடும். கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம். வலைப்பதிவின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்டில்) ‘ஜஸ்டிஃபை’ என்று எங்கே இருக்கிறது, அதை எப்படி நீக்குவது என்று ஒருவருக்கொருவர் பின்னூட்டத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். 2008 ஜூன் 17 அன்று ஃபயர்பாக்ஸ் 3 வந்தது. ஒரே நாளில் 80 லட்சத்துக்கும் மேல் பதிவிறக்கம் ஆகி கின்னஸ் சாதனை ஆனதே, அந்த எண்ணிக்கையில் என்னுடையதும் ஒன்று. அண்ணா நகரில் ஒரு பிரவுசிங் சென்டரில், பக்கத்து நாற்காலிக்காரரும் அதையே இறக்கிக்கொண்டிருந்தார். பின்னால் கணினி மாற்றியபோது அதில் வேறு உலாவி இருந்தது. அதிலேயே பழகி, வருடங்கள் ஓடிவிட்டன.

இந்த முறை இறக்கியவுடன் நேராக அமைப்புகளுக்குப் போனேன். பொதுப் பகுதியில் எழுத்துருக்கள் என்று இருக்கும். பக்கத்தில் மேம்பட்ட அமைப்பு என்ற பொத்தான். அதை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கிறது. அதன் உச்சியில் இருக்கிறது ஒரு பட்டியல்: இந்த எழுத்துருக்கள் எந்த எழுத்துமுறைக்கு? அரபி, ஆர்மீனியம், வங்காளம் என்று வரிசையாக இறங்கி வந்தால், தமிழ். தமிழுக்கென்று தனியாக எழுத்துரு, தனியாக அளவு, அதற்கும் கீழே ‘குறைந்தபட்ச எழுத்தளவு’ என்று ஒன்று. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கோ யாரோ ஒருவர் தமிழுக்கு வேறு அளவு தேவைப்படும் என்று யோசித்து இந்த வரியைச் சேர்த்திருக்கிறார். அவருக்கு என் நன்றி.

விண்டோஸில் தமிழுக்கு வழக்கமாக வரும் நிர்மலாவை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழைப் போட்டேன். கம்பி தடிமன் மெலிவாக இருப்பதால் கொம்பின் சுழி திறந்து தெரிகிறது. குறைந்தபட்ச அளவு 20. தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்தேன். ‘கெடு’, ‘கேடு’ இரண்டையும் தேடல் பெட்டியில் அடித்துப் பார்த்தேன். தள்ளி உட்கார்ந்தே சொல்ல முடிந்தது. ஆங்கிலப் பக்கங்கள் முன்பு இருந்த மாதிரியே இருந்தன.

பழைய உலாவியிலிருந்து இடம்பெயரும் வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. புக்மார்க்குகள் தாமாகவே வந்துவிட்டன. கடவுச்சொற்களைப் பழைய உலாவியிலிருந்து ஒரு கோப்பாக இறக்கிக் கொண்டுவந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்தாக இருக்கும். நோட்பேடில் திறந்து பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஏற்றிய கையோடு அழியுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள்.

எல்லாம் ஆயிற்று என்று வேலையில் உட்கார்ந்தால், எங்கள் இதழின் முன்னோட்டப் பக்கம் மட்டும் பழையபடி பொடி எழுத்தாகவே இருந்தது! விக்கிப்பீடியா மாறுகிறது, இது மாறவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கடைசியில் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். முதல் சில வரிகளுக்குள்ளேயே பக்கத்தின் மொழி எது என்று அறிவிக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஆங்கிலத்தைக் குறிக்கும் ‘en’ என்று இருந்தது. தலைப்பிலிருந்து அடிக்குறிப்பு வரை முழுக்கத் தமிழ், ஆனால் பக்கம் தன்னை ஆங்கிலம் என்று சொல்லிக்கொள்கிறது. உலாவி அதை நம்பி, ஆங்கிலத்துக்கான அளவைக் கொடுக்கிறது. வார்ப்புருவில் முதலிலேயே அப்படி இருந்து, யாரும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

அதன்பின் தினமும் படிக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பல தமிழ்த் தளங்களில் இதே கதை. இது என் கண் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களும் இந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் எந்த மொழிக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கின்றன. தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் தயவுசெய்து உங்கள் பக்கத்தின் முதல் வரிகளைத் திறந்து பாருங்கள். மாற்ற வேண்டியது இரண்டே இரண்டு எழுத்து: ‘en’ இருக்கும் இடத்தில் தமிழைக் குறிக்கும் ‘ta’.

எங்கள் இதழின் தொழில்நுட்பத்தைப் பார்க்கும் தம்பிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். “அக்கா, அதுல என்ன வரப்போகுது, எல்லா உலாவியிலயும் ஒரே மாதிரிதானே தெரியுது” என்றார். ‘கேடு மார்ச் 31’ கதையைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இருங்கக்கா, லைன்லயே இருங்க” என்றார். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “இப்ப ஒரு தடவை ரிஃப்ரெஷ் பண்ணுங்க.”

பண்ணினேன். அன்றைய தலையங்கம் திரையில் மெல்ல விரிந்து இறங்கியது. மூன்றாவது பத்தியில் ‘தொடர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘தோடர்’ என்று இருந்தது. லைனில் இருக்கும்போதே சொன்னேன்.