சவ்விலிருந்து தொடங்கும் பாடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செவிலியர் படிப்பில் சேரும் முதலாண்டு மாணவர்களுக்குச் செல் உயிரியலின் அறிமுகப் பாடத்தை நடத்துவது என் வேலை. அச்சிட்ட பாடத்திட்டத்தின் வரிசையில் போனால், அந்தப் பாடம் நுண்ணோக்கியின் வரலாற்றில் தொடங்கி, தாவரச் செல்லுக்கும் விலங்குச் செல்லுக்கும் உள்ள வேறுபாடுகளைக் கடந்து, செல்லின் உள்ளுறுப்புகளைப் பெயர் குறித்துக் காட்டும் வண்ணப்படத்தில் வந்து நின்றுவிடும். அந்தப் படத்தைப் பிழையின்றி வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவி, சில மாதங்களில் வார்டுக்குப் போய் நோயாளியின் கையில் ஏறும் சலைனைக் கவனித்து நிற்கும்போது, தான் வரைந்த படத்துக்கும் அந்தக் குழாய்க்கும் ஏதேனும் தொடர்பு உண்டு என்று எண்ணுவதே இல்லை. அந்தத் தொடர்பை முதல் வாரத்திலேயே காட்டிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் நான் செல் சவ்விலிருந்து தொடங்குகிறேன்.

அந்தச் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். நீர் அதைக் கடந்து போய்வர முடியும். ஆனால் உப்பு கரையும்போது பிரியும் சோடியம், குளோரைடு அயனிகள், அவற்றுக்கென அமைந்த புரத வாயில்கள் இல்லாமல் கடக்க முடியாது. ஆகையால் எந்தப் பக்கத்தில் கரைபொருள் அதிகமோ அந்தப் பக்கத்துக்கு நீர் நகர்கிறது. டிசம்பர் வெயிலில் இங்குள்ள தமிழ் வீடுகளில் ஊறுகாய்க்காகப் பச்சை மாங்காயை நறுக்கி உப்பிட்டு வைத்தால், துண்டுகள் நீர் விட்டுத் துவண்டுபோவதற்கும் இதுவே காரணம். இதைச் சொன்னதும், சவ்வூடு பரவல் என்று பலகையில் எழுதுவதற்கு முன்பே வகுப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. டர்பனில் மாங்காய் ஊறுகாய் தமிழர்களுக்கு மட்டும் உரியதாக என்றைக்குமே இருந்ததில்லை என்பதால், ஜூலு மாணவர்களுக்கும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிறகு ஆய்வகத்தில் மூன்று சோதனைக் குழாய்கள். ஒன்றில் வடிநீர், ஒன்றில் 0.9 சதவீத உப்புக் கரைசல், மற்றொன்றில் அதைவிடப் பல மடங்கு அடர்த்தியான கரைசல்; ஒவ்வொன்றிலும் சில துளி ஆட்டு இரத்தம். குழாய்களுக்குப் பின்னால் அச்சிட்ட தாள் ஒன்றைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். வடிநீர்க் குழாயின் வழியே எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன, ஏனென்றால் சிவப்பணுக்கள் நீரை உறிஞ்சி வீங்கி வெடித்துவிட்டன. ஒளியை மறைக்க முழு அணு எதுவும் அங்கே மிஞ்சவில்லை. மற்ற இரண்டும் கலங்கலாகவே இருக்கின்றன. ஆனால் அடர்ந்த கரைசலின் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் சுருங்கி முள்முள்ளாகிப்போன அணுக்களைக் காணலாம். லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகு யாரும் கேட்பதில்லை. வடிநீரை நேராக இரத்தநாளத்தில் ஏற்றக் கூடாது என்ற விதியையும் நான் தனியாகச் சொல்லத் தேவை இருப்பதில்லை.

இதைவிட நுட்பமானது ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், கரைசல். பைக்குள் இருக்கும்வரை அதன் அடர்த்தி இரத்தத்தின் அடர்த்திக்கு ஒத்தது. உடலுக்குள் போனதும் செல்கள் குளுக்கோஸை எடுத்துப் பயன்படுத்திவிட, எஞ்சுவது வெறும் நீர்தான். அந்த நீர் செல்களுக்குள் புகும். அறுவைக்குப் பிந்திய ஒரு குழந்தைக்கு அதையே தொடர்ந்து ஏற்றினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, மூளையின் செல்கள் வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு இடம் கிடையாது. தலைவலி, வாந்தி, சோர்வு, பிறகு வலிப்பு என்று அது வெளிப்படும்போது முதலில் பார்க்கப்போகிறவர் பெரும்பாலும் இரவுப்பணிச் செவிலியர்தான். டிரிப் பையின் பெயரைப் படித்துவிட்டு அது சவ்வின் இரு புறமும் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த இரவில் அங்கே இருக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

சவ்வில் பதிந்துள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பை 1957இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ இனங்கண்டார்; நாற்பது ஆண்டுகள் கழித்து அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, அதற்காகச் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. ஒன்றைச் செலவிடும் இந்தப் புரதத்தால்தான் செல்லுக்குள் பொட்டாசியம் குவிந்தும் வெளியே குறைந்தும் இருக்கிறது. இரத்த நீரில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். சிவப்பணுவுக்குள் அதைப் போல் இருபது மடங்குக்கும் மேல். எனவே இரத்தம் எடுக்கும்போது மெல்லிய ஊசி வழியே விசையாக இழுத்தாலோ, குழாயை மூர்க்கமாகக் குலுக்கினாலோ, உடையும் சிவப்பணுக்கள் தம் பொட்டாசியத்தை வெளியே கொட்டிவிட, நோயாளியின் உடலில் இல்லாத ஓர் ஆபத்து ஆய்வக அறிக்கையில் ஏறிவிடுகிறது. குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும் என்பதைச் செய்முறை வகுப்பில் எல்லோரும் கற்கிறார்கள். ஏன் என்று தெரிந்தவர்கள் மட்டுமே அவசரத்திலும் அதைக் கைவிடாமல் இருக்கிறார்கள் என்பது நான் பார்த்து உணர்ந்தது.

அடுத்த வகுப்பு வயிற்றுப்போக்கைப் பற்றியது; இந்த மாகாணத்தில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2000 ஆகஸ்டில் குவாசுலு-நட்டாலில் தொடங்கிய காலரா, அடங்குவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. ஆனால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. காலராவின் நஞ்சு குடலின் உட்சுவர்ச் செல்களுக்குள் புகுந்து, குளோரைடு வாயில்களை மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் அதைப் பின்தொடர்கின்றன. கடுமையான நோயில் ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேலும் நீர் போய்விடும். ஆனால் அதே செல்லில், சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே கொண்டுவரும் இன்னொரு புரதம் இருக்கிறது. நஞ்சு அதைத் தொடுவதில்லை. ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் எடுத்துரைத்த இந்த இணைக் கடத்தல்தான் வாய்வழி நீரேற்றக் கரைசலின் அடிப்படை. சர்க்கரை உள்ளே போனால் சோடியமும் போகும், சோடியத்தோடு நீரும் போகும்.

இந்த நாட்டின் கிளினிக்குகளில் தாய்மார்களுக்குச் சொல்லித்தரும் அளவு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீருக்கு தலைதட்டிய எட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும். சர்க்கரை சுவைக்காகச் சேர்க்கப்படுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் செவிலியர், வீட்டில் சர்க்கரை இல்லையென்று சொல்லும் தாயிடம் உப்புநீர் மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லக்கூடும். குழந்தைக்கு வாந்தி நின்றதும் கூடுதலாக இனிப்புச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லவும் கூடும். முன்னதில் நீர் உள்ளே ஈர்க்கப்படாது. பின்னதில் குடலுக்குள் மிஞ்சும் சர்க்கரை நீரை இன்னும் வெளியே இழுக்கும். இவ்வளவு எளிய மருந்து இவ்வளவு நுண்ணிய புரதம் ஒன்றின் மேல் நிற்பதை விளக்கும் அந்த வகுப்புதான் ஆண்டு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு எப்போதும் நேரம் போதுவதில்லை.

டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சர்க்கரை நோயாளி இல்லாத இந்திய வம்சாவளிக் குடும்பத்தைத் தேடிப்பிடிப்பது கடினம்; ஆகவே இன்சுலினைப் பற்றி மாணவர்கள் வரும்போதே நிறையக் கேட்டிருக்கிறார்கள். தசைச் செல்லிலும் கொழுப்புச் செல்லிலும் குளுக்கோஸுக்கான வாயில்கள் சிறு பைகளில் உள்ளே காத்திருக்கின்றன என்பதும், இன்சுலின் வெளிப்புற ஏற்பியில் வந்து சேர்ந்தால்தான் அவை சவ்வுக்கு நகர்கின்றன என்பதும், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அந்தச் சமிக்ஞை உள்ளே சென்று சேர்வது மங்கிவிடுகிறது என்பதும் அவர்களுக்குப் புதிய செய்திகள். சிவப்பணுவுக்கு இன்சுலின் தேவையில்லை. இரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறதோ அதற்கேற்ப அது உள்ளே நுழைந்து ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அந்த அணு வாழ்வது ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், இப்படிக் குளுக்கோஸ் ஒட்டிய ஹீமோகுளோபினை அளக்கும் எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது.

தமிழை இன்னும் மறக்காத ஒரு மூதாட்டி, "ஒரு வாரமாகப் பத்தியமாகத்தானே இருக்கிறேன் கண்ணு, பிறகேன் டாக்டர் திட்டுகிறார்?" என்று இளம் செவிலியரிடம் கேட்டால், அந்த அணுவின் ஆயுளைச் சொல்லிப் பதில் தரலாம், மூதாட்டி பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. அணுக்கள் காலத்துக்கு முன்பே அழியும் சோகை நோய்களில் இதே எண் பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தாவரச் செல்லை நான் ஏறத்தாழ முழுவதுமாக விட்டுவிடுகிறேன். பசுங்கணிகத்தின் அடுக்குகளை வரைவதில் செலவாகும் நேரம் இவர்களின் நோயாளிகளுக்கு எந்த வகையிலும் போய்ச் சேராது. பாக்டீரியாவின் செல் சுவரை மட்டும் விடுவதில்லை. அந்தச் சுவர் நம் செல்களில் இல்லாததால்தான் பென்சிலின் அதைக் கட்டவிடாமல் தடுத்துப் பாக்டீரியாவைக் கொன்றாலும் நம்மை விட்டுவைக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவை ஆற்றல் நிலையம் என்று ஒரு வரியில் சொல்லி முடிப்பது தென்னாப்பிரிக்காவில் படிக்கும் ஒரு செவிலியருக்குச் செய்யும் அநீதி என்று கருதுகிறேன். அது நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இன்னொரு செல்லுக்குள் புகுந்து தங்கிவிட்ட பாக்டீரியாவின் வழித்தோன்றல். அதற்குள் இருக்கும், புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் இன்றும் பாக்டீரியாவின் ரைபோசோம்களை ஒத்திருக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இந்த நாட்டில் பல ஆண்டுகள் போடப்பட்ட கானாமைசின் போன்ற ஊசிகள், பாக்டீரியாவின் ரைபோசோமைத் தாக்கும் வகையைச் சேர்ந்தவை. அவை உட்செவியின் மயிர்ச் செல்களுக்குள் புகுந்து, அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவையும் சேதப்படுத்துகின்றன. மனிதரில் அந்த மயிர்ச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. உயிரைக் காக்கப் போட்ட ஊசியால் காது கேளாமல் போனவர்கள் இந்த மாகாணத்தின் ஊர்களில் இன்றும் வாழ்கிறார்கள்.

2018இல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளின் இடத்தில் பெடாகுவிலின் மாத்திரையை வைக்க முடிவு செய்தது; அது காசநோய்க் கிருமி ஏ.டி.பி. தயாரிக்கும் நொதியைத் தடுக்கிறது. நோயாளி ஒருவர் காதில் இரைச்சல் கேட்பதாகச் சொன்னால் அதைச் சிறு குறையாகத் தள்ளிவிடாமல் உடனே பதிவு செய்யும் பழக்கம், இந்தப் பாடத்திலிருந்து வர வேண்டும்.

எச்.ஐ.வி.க்கும் இதே அளவு நேரம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் உலகில் எச்.ஐ.வி.யுடன் மிக அதிகமானோர் வாழும் நாடு இது. அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் மருந்து கிடைக்கிறது. "கிருமியே தெரியவில்லை என்று அறிக்கை சொல்கிறதே, மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது?" என்ற கேள்வியை ஒவ்வொரு செவிலியரும் ஜூலுவிலோ ஆங்கிலத்திலோ திரும்பத் திரும்பச் சந்திப்பார். விடை உட்கருவில் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்லின் சிடி4 ஏற்பியைப் பிடித்து உள்ளே நுழையும் கிருமி, தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி நம் குரோமோசோமுக்குள்ளேயே இணைத்துவிடுகிறது. எச்.ஐ.வி. மருந்தான டாலுடெகிராவிர் தடுப்பது இந்த இணைப்பைத்தான். ஆனால் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே இணைந்துவிட்ட செல்களில் சில, எதையும் உற்பத்தி செய்யாமல் ஆண்டுக்கணக்கில் ஓய்ந்திருக்கும். மருந்து நின்றால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே அவற்றிலிருந்து கிருமி மீண்டும் கிளம்பும். இதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த செவிலியரின் பேச்சை நோயாளி மிரட்டலாக எடுத்துக்கொள்வதில்லை.

செல் பிரிதலை விரைவாகவே கடந்துவிடுகிறேன். புற்றுநோய் மருந்துகள் ஏன் தலைமுடியையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துத் தாக்குகின்றன என்பது விளங்கும் அளவுக்கு அது போதும். செல்களின் திட்டமிட்ட இறப்பைச் சொல்லும்போது மட்டும் சற்று நின்று, ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த ஜெர்மிஸ்டனில் 1927இல் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்த சிட்னி பிரென்னரைப் பற்றிப் பேசுவேன். அவர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த மிகச் சிறிய புழுவில், வளர்ச்சியின்போது உண்டாகும் 1090 உடற்செல்களில் 131 செல்கள் ஒழுங்காக, குறித்த வேளையில் இறக்கின்றன. அந்த ஆய்வுகளுக்காக 2002இல் அவரும் மற்ற இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த நாட்டுப் பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அவர் என்று கேட்கும்போது மாணவர்களின் முதுகு நிமிர்வதை நான் கவனித்திருக்கிறேன்.

செவிலியருக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. செய்முறைகளைப் பிழையின்றிச் செய்தால் போதும் என்பது அவர்கள் வாதம். வழக்கமான நாளில் அது போதும்தான். நான் தயார்செய்வது வழக்கம் பிசகும் நாளுக்காக. தேர்வில் நான் கேட்கும் கேள்வி ஒன்று அதைக் காட்டும்: தொலைவிலுள்ள ஒரு கிளினிக்கில் காலையில் எடுத்த இரத்தம், ஆய்வக வண்டி வராததால் பிரிக்கப்படாமல் இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் இருந்தது, மறுநாள் அறிக்கை பொட்டாசியம் 7.1 என்கிறது, மாதிரியில் அணுக்கள் உடைந்த சிவப்பு நிறம் இல்லை, நோயாளி நலமாக இருக்கிறார். குளிரில் பம்பு ஓய்ந்துவிடும், உடையாத அணுவிலிருந்தும் பொட்டாசியம் கசிந்து வெளியேறும் என்று எழுதுகிறவருக்குப் பாதி மதிப்பெண். மீதிப் பாதி, அந்த எண் பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்தும் மருத்துவருக்கு உடனே தெரிவித்து, இதயத் துடிப்பின் இ.சி.ஜி. எடுத்து, புதிய மாதிரியைத் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்று எழுதுகிறவருக்கு; ஏனென்றால் அந்த 7.1 உண்மையாக இருந்தால், இதயச் செல்களின் சவ்வு மறுநாள் வரும் வண்டிக்காகக் காத்திருக்காது.