தட்டிலிருந்து முகம் திருப்பும் பூனை

செல்லப்பிராணிகளுக்கான மருத்துவமனையில் உள்நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாய் ஒருவேளை சாப்பிடாவிட்டால் நான் பதறுவதில்லை. சர்க்கரை நோயுள்ள பூனை, அதுவும் பருத்த பூனை, தட்டிலிருந்து முகத்தைத் திருப்பினால் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிடுவேன். சில நாள் பட்டினி கிடந்தாலே அதன் உடல் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரத் தொடங்கும். ஈரல் கெடக் கெட, இருக்கிற பசியும் போய்விடும்.

வீட்டார் முதலில் கேட்பது, "சாப்பிடவே இல்லையே, இன்சுலின் போடலாமா?" என்பதுதான். வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரலாம். அடியோடு நிறுத்தினால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் இரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரையைச் சோதித்து, மருத்துவர் அன்றைக்குச் சொல்லும் அளவைத்தான் போட வேண்டும். எந்த நேரத்தில் தொலைபேசியில் கேட்டாலும் இதைப் பொறுமையாகச் சொல்வேன்.

பூனை பிடிவாதம் பிடிக்கிறது என்பதை நான் ஏற்பதில்லை. கிட்டே வந்து மோந்துவிட்டு, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கியபடி விலகும் பூனைக்குப் பெரும்பாலும் குமட்டல் இருக்கும். சர்க்கரை நோயுள்ள பூனைகளுக்குக் கணைய அழற்சியும் சேர்ந்து வருவதுண்டு. குமட்டல் அடங்காதவரை எந்த மீனை வைத்தும் பயனில்லை. அது அடங்கிய பின் பசியைத் தூண்ட மிர்டாசபின் என்ற மருந்து உதவும். காதுமடலின் உட்புறம் தடவும் அதன் களிம்புக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது.

உணவை உடல் சூட்டுக்கு, சுமார் 38 டிகிரிக்கு, வெதுவெதுப்பாக்குவோம். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது; மணம்தான் அதை இழுக்கும். உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் அந்தத் தண்ணீரும் பல பூனைகளுக்குப் பிடிக்கும். குழம்பு மீனை அலசிக் கொடுப்பவர்களை மட்டும் உடனே தடுப்பேன். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, அலசினால் போய்விடாது.

சிரிஞ்சால் ஊட்டுவதென்றால் வாயின் ஓரமாக, சிறிது சிறிதாக, விழுங்க நேரம் விட்டு ஊட்ட வேண்டும். தலையை அண்ணாத்திப் பிடித்தால் உணவு நுரையீரலுக்குள் போகக்கூடும். பூனை திமிறினால் அத்தோடு விட்டுவிடுவேன். குமட்டலோடு பலவந்தமும் சேர்ந்தால், பிறகு உடம்பு தேறினாலும் அந்த உணவை அது வெறுக்கும்.

அதனால்தான் கழுத்து வழியாக உணவுக்குழாயில் வைக்கும் குழாயைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வாதாடுகிறேன். அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டார் அழுதுவிடுகிறார்கள். கடைசிக் கட்டம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் உணவு, தண்ணீர், பல மருந்துகள் எல்லாம் சண்டையில்லாமல் உள்ளே போகும். எவ்வளவு போயிற்று என்று தெரிவதால் இன்சுலின் அளவையும் தெளிவாக முடிவு செய்யலாம். குழாய் இருக்கும்போதே பூனை தானாகவும் சாப்பிடலாம். ஒவ்வொரு வேளையும் குழாய்க்கு முன்பு தட்டைத்தான் வைக்கிறோம். எடை குறையாமல் தானே போதிய அளவு சாப்பிடத் தொடங்கியதும் குழாயை எடுத்துவிடுகிறோம். சில பூனைகளுக்கு அதன் பிறகு இன்சுலின் தேவையே குறைந்துபோகும் என்பதால், வீட்டிலும் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லி அனுப்புகிறோம்.