பத்தொன்பது வயதுக் கதவும் திரும்பி வரும் வழியும்

கூடைப்பந்தில் கைதேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, எந்த வயதில் பிள்ளையை முழுமையாக ஆட்டத்துக்கே விட்டுவிடலாம் என்பதுதான். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மாலைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஆட்டம் சொல்லிக்கொடுத்துவரும் உடற்கல்வி ஆசிரியன் நான். உலகின் மிகப் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பு இக்கேள்விக்கு என்ன விடை வைத்திருக்கிறது, அந்த விடை எப்படி உருவானது என்பதை விரிவாக எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. அமைப்பில், டிராஃப்ட் எனப்படும் வீரர் தேர்வு நடைபெறும் ஆண்டுக்குள் ஒருவருக்கு 19 வயது நிறைய வேண்டும். அவர் அமெரிக்கப் பள்ளியில் படித்தவராயின், பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் 2005இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இடம்பெற்ற இவ்விதி, 2006ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வரலாற்றை அறியாமல் இதன் தன்மையைப் புரிந்துகொள்ள இயலாது.

ஸ்பென்சர் ஹேவுட் மிசிசிப்பி மாநிலத்தின் சில்வர் சிட்டி என்ற சிற்றூரில், பருத்தி பறித்துப் பிழைத்த ஏழைக் குடும்பத்தில் 1949இல் பிறந்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி தங்கம் வென்றபோது அவருக்கு வயது 19. பள்ளியை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாத எவரையும் சேர்க்கலாகாது என்பது அன்றைய என்.பி.ஏ. விதி, கல்லூரிக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்த நான்கு ஆண்டுகளைக் கழித்தே தீரவேண்டும். ஹேவுட் என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக இயங்கிய ஏ.பி.ஏ. அமைப்பில் சேர்ந்து, 1969–70 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் என்ற பட்டத்தை முதல் ஆண்டிலேயே பெற்றார். அடுத்த பருவத்தில் என்.பி.ஏ.வின் சியாட்டில் அணி அவரை ஒப்பந்தம் செய்ததும் எதிர்ப்பு கிளம்பியது; வழக்கு நீதிமன்றம் ஏறியது. அணிகள் ஒன்றுகூடி ஓர் உழைப்பாளியைச் சந்தையிலிருந்து விலக்கிவைப்பது ஏகபோகத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது என்பது அவர் தரப்பு வாதம். 1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு அவருக்குச் சாதகமாக அமைந்தது.

வழக்கில் தோற்ற என்.பி.ஏ. உடனடியாகக் கதவை முழுதாகத் திறந்துவிடவில்லை. பொருளாதார நெருக்கடியை நிரூபிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று ஒரு விதியை வகுத்து, 1976 வரை அதைக் கடைப்பிடித்தது. திறமை கண்முன் இருக்க, ஏழ்மைக்குச் சான்று கேட்பது எத்தகைய அவமதிப்பு என்பதை, வருமானச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்தில் கால்கடுக்க நின்ற நம் ஊர்ப் பெற்றோருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

பள்ளியிலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்களுள் மோசஸ் மலோன் 1974இல் ஏ.பி.ஏ.வில் சேர்ந்தார், மறு ஆண்டு டேரில் டாக்கின்ஸும் பில் வில்லபியும் என்.பி.ஏ.வுக்குச் சென்றனர். அதன்பின் இருபது ஆண்டுகள் அவ்வழியில் எவரும் தேர்வாகவில்லை. 1995இல் கெவின் கார்னெட் அத்தடத்தை மீண்டும் திறக்க, 1996இல் கோபி பிரயன்ட், 1997இல் டிரேசி மெக்கிரேடி, 2003இல் லெப்ரான் ஜேம்ஸ், 2004இல் டுவைட் ஹோவர்ட் என்று பெரும் பெயர்கள் தொடர்ந்தன. பதினெட்டு வயது நிறைந்து ஆறே நாள்களில் களமிறங்கிய ஆண்ட்ரூ பைனம் 2005இல் தேர்வானவர். புதிய விதிக்கு முந்தைய கடைசித் தேர்வு அது. 1995 முதல் 2005 வரை ஏறத்தாழ 40 பேர் இவ்வாறு பள்ளியிலிருந்தே தேர்வானார்கள். வயது குறைவு என்பதே திறமைக்குத் தடை என்று சொல்வதற்கு இந்தப் பட்டியல் இடம் தரவில்லை.

ஆனால் அதே பத்தாண்டுகளில் கோர்லியோன் யங் என்ற இளைஞரும் இருந்தார். 1998இல் பள்ளியிலிருந்து நேரே வந்தவரை டெட்ராய்ட் அணி 40ஆவது இடத்தில் எடுத்தது, என்.பி.ஏ.வில் அவர் ஆடியவை மொத்தம் மூன்றே ஆட்டங்கள். பள்ளிப் பருவத்தில் நாட்டின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராகப் பேசப்பட்ட லென்னி குக், 2002இல் தம் பெயரைத் தேர்வுக்குக் கொடுத்தார். எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. முகவரோடு கைகோத்துவிட்டதால் கல்லூரி அணியில் ஆடும் வாய்ப்பையும் அவர் அதற்குள் இழந்திருந்தார்.

இவ்விருவரின் கதையைச் சொல்லி, "பதினெட்டு வயதில் போனதால் கெட்டார்கள்" என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் போனது தவறில்லை. போனவர்கள் திரும்பி வருவதற்கு வழியே வைக்கப்படவில்லை என்பதுதான் தவறு. தேர்வில் எடுக்கப்படாத குக், அடுத்த மாதமே ஒரு கல்லூரியில் சேர்ந்து ஆடியிருக்க முடியுமானால், அவருடைய பதினெட்டு வயது முடிவு ஒரு சறுக்கலாக மட்டுமே இருந்திருக்கும். 2018இல்தான் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ., தேர்வாகாத சில வீரர்கள் நிபந்தனைகளோடு கல்லூரிக்குத் திரும்பலாம் என்று விதியைத் தளர்த்தியது.

2005ஆம் ஆண்டு விதியை வலியுறுத்தியவர் அன்றைய ஆணையர் டேவிட் ஸ்டெர்ன். அவர் 20 வயதைக் கேட்டார். பேச்சுவார்த்தையில் அது 19 ஆயிற்று. பள்ளி மைதானங்களில் தொழில்முறை அணிகளின் ஆள்கள் வந்து குவிவதைத் தடுக்கவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அக்காரணத்தை நான் மதிக்கிறேன். எனினும், ஓராண்டு காத்திருந்து ஒரு வீரரைக் கல்லூரி ஆட்டத்தில் பார்த்துவிட்டு எடுப்பதால், தவறாகத் தேர்ந்தெடுத்துப் பணத்தை இழக்கும் இடர் உரிமையாளர்களுக்குக் குறைகிறது. மூத்த வீரர்களின் இடமும் ஓராண்டு கூடுதலாகப் பாதுகாக்கப்படுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு தரப்புக்கும் ஆதாயம் இருக்க, விலை கொடுத்தவன் அந்த மேசையில் நாற்காலியே இல்லாத பதினெட்டு வயதுப் பையன். சங்கத்தில் அவன் இன்னும் உறுப்பினன் இல்லை; அவனுக்கு வாக்கும் இல்லை. ஹேவுட் வென்ற காலத்தில் அந்த விதியை அணிகள் தாமாக வகுத்திருந்தன. இன்றைய விதியோ தொழிற்சங்க ஒப்பந்தத்தின் பகுதி என்பதால் நீதிமன்றத்தில் அதை அசைப்பது மிகக் கடினம். அமெரிக்கக் கால்பந்தில் இதைப் போன்ற விதியை எதிர்த்த மாரிஸ் கிளாரெட் 2004இல் மேல்முறையீட்டில் தோற்றது இதற்குச் சான்று.

காத்திருக்கும் அந்த ஓராண்டில் கெவின் டுரான்ட் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஊதியமின்றி ஆடினார். பிரண்டன் ஜென்னிங்ஸ் 2008இல் ரோம் நகருக்குச் சென்று ஊதியத்தோடு ஆடிவிட்டு மறு ஆண்டு தேர்வானார். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு பொருளீட்டலாம் என்றான பிறகு இந்தச் சுமை பெரிதும் குறைந்துவிட்டது. அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர் கொண்டலீசா ரைஸ் தலைமையில் என்.சி.ஏ.ஏ. அமைத்த குழு 2018இலேயே இந்த ஓராண்டு விதியை நீக்கப் பரிந்துரைத்தும், 2023 ஒப்பந்தம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் நிலைமை இன்னும் கடுமை: அமெரிக்க வீராங்கனைகள் 22 வயதை எட்டவேண்டும், அல்லது கல்லூரிப் படிப்பை நிறைவுசெய்ய வேண்டும் என்று பல ஆண்டுகளாக விதித்துவருகிறார்கள். பையனுக்கு 19, பெண்ணுக்கு 22 என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் எதையும் நான் இதுவரை படித்ததில்லை.

ஐரோப்பாவில் இத்தகைய தடை இல்லை. ரிக்கி ரூபியோ 14 வயதில் ஸ்பெயினின் முதல் நிலைப் போட்டியில் ஆடினார். லூக்கா டான்சிச் 16 வயதில் ரியல் மாட்ரிட் முதல் அணிக்காகக் களமிறங்கினார். அங்கே கழகமே இளையோர் பயிற்சியையும் நடத்துவதால், முதல் அணியில் இடம் கிடைக்காத பையன் இளையோர் அணியில் தொடர்ந்து ஆடலாம். எங்கள் டெல்டாவில் இதை நாற்றைக் கொண்டு விளக்கினால் எவருக்கும் புரியும்: வழக்கமான குறுவை நடவில் நாற்றுக்கு இருபது, இருபத்தைந்து நாள் ஆகவேண்டும், செம்மை நெல் சாகுபடியிலோ பதினான்கே நாள் நாற்றை நடுகிறோம். வயலைக் கண்ணாடி போல் சமன்செய்து, நீரை அளந்து கட்டினால்தான் அந்த இளநாற்று பிழைக்கும்.

இந்தியாவிலிருந்து முதன்முதலாக என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட சத்னாம் சிங் பமாரா பஞ்சாபின் ஒரு சிற்றூர்க்காரர். 14 வயதில் புளோரிடாவிலுள்ள பயிற்சிக்கூடத்துக்குச் சென்று, 2015இல் 19 வயதில் டல்லாஸ் அணியால் 52ஆவது இடத்தில் தேர்வானார். என்.பி.ஏ.வின் வழக்கமான பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் ஆடும் வாய்ப்பைப் பெறவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைச் சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இங்கே தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் மயிலாடுதுறையிலும் ஆடும் பிள்ளைகளுக்கு வயது வேறொரு வகையில் வினையாகிறது. மாவட்ட, மாநிலப் போட்டிகள் வயதுப் பிரிவுகளாக நடப்பதால், பிறந்த தேதியைக் குறைத்துக் காட்டும் பழக்கம் ஒழிந்தபாடில்லை. பள்ளியில் சேர்க்கும்போதே வசதியான ஒரு தேதியைத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்ட அந்தக் காலம் போய்விட்டது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்க்கும் சோதனையும் வந்துவிட்டது. இருந்தும் பதினெட்டு வயதுப் பையன் பதினாறுக்குள் ஆடும் ஒவ்வொரு முறையும், உண்மையாகவே பதினைந்து வயதான ஒருவன் விடுதி இடத்தையும் சான்றிதழையும் இழக்கிறான். அவன் மனம் உடைந்து பந்தைத் தொடாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். இதில் உடந்தையாக இருக்கும் பெரியவர்களை என்னால் மன்னிக்க இயலாது.

சட்டம் இன்னொரு பக்கம். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், படிப்பு கெடாத வகையில் 14 வயதுக்குட்பட்டவர்களும் விளையாட்டில் ஈடுபடலாம் என்று விலக்கு அளிக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படியோ, 18 வயது நிறையாதவர் போடும் கையெழுத்து செல்லாது. 1903இல், அன்றைய இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. ஆகவே கையெழுத்து பெற்றோரிடம் கேட்கப்படுகிறது; அவர்களோ ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளைப் படிக்காமலேயே போட்டுவிடுகிறார்கள்.

பிள்ளையை எந்த வயதில் விடலாம் என்று கேட்கும் பெற்றோரிடம் நான் எண் எதையும் சொல்வதில்லை. முழங்காலில் அடிபட்டு ஓராண்டு உட்கார நேர்ந்தால், சேர்த்துக்கொள்ளும் விடுதியோ கழகமோ மருத்துவச் செலவை ஏற்குமா, பிளஸ் டூ தேர்வை அங்கிருந்தே எழுதவைக்குமா, ஊர் திரும்பினால் மாற்றுச் சான்றிதழைத் தடையின்றித் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமோ வங்கி, ரயில்வே வேலையோ பெறுவதற்கும் இந்தக் கல்விச் சான்றுகளே அடிப்படை. இவற்றுக்கு ஒப்பும் இடம் பதினான்கு வயதிலும் ஏற்றதே. மறுக்கும் இடத்துக்கு இருபது வயதிலும் அனுப்ப வேண்டாம். கையெழுத்துக்கு அவசரப்படுத்துகிறவர்களிடம் நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்; எந்த மாலையானாலும் மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள், வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்கிறேன்.