சண்டை ரோபோ: ஆயுதத்துக்கு முன் சக்கரம்

போட்டிக் களத்தில் இன்னொரு ரோபோவுடன் மோதும், சுழலும் ஆயுதம் பூட்டிய சண்டை ரோபோவைச் செய்ய விரும்பும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, ஆயுதத்தை எவ்வளவு வேகமாகச் சுழற்றலாம் என்பதைத்தான். அந்த அடியை உங்கள் ரோபோ தாங்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஏனெனில் எதிராளி மீது விழும் அடி, அதே கணத்தில், உங்கள் அச்சிலும் சட்டகத்திலும் விழுகிறது.

1.5 கிலோ எடைப் பிரிவை எடுத்துக்கொள்வோம். 15 சென்ரிமீற்றர் நீளமும் 200 கிராம் எடையும் உள்ள உருக்குப் பட்டை ஒன்று, நடுவில் அச்சைக் கொண்டு நிமிடத்துக்கு 8,000 தடவை சுழன்றால், அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அதில் தேங்கும் சக்தி சுமார் 130 ஜூல். ஒரு கிலோ இரும்பு 13 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேகத்தை இரட்டித்தால் இது நான்கு மடங்காகும் என்பதால் பலரும் வேகத்தின் பின்னால் ஓடுகிறார்கள். ஆனால் ரோபோ விநாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் முன்னேறும்போது, பட்டையின் ஒரு முனை கடந்து மறு முனை வருவதற்குள் எதிராளியின் உடல் 7.5 மில்லிமீற்றர் மட்டுமே உள்ளே வரும். வேகத்தை 16,000 ஆக்கினால் அது 4 மில்லிமீற்றருக்கும் குறைந்துவிடும். பட்டை உரசித் தீப்பொறி பறக்குமே தவிர, அடி ஏறாது. இரு முனைகளாலும் அடிப்பதற்குப் பதிலாக ஒரு புறம் மட்டும் அடிக்கும் ஒற்றைப் பல் வைத்து, மறுபுறம் அதற்கு ஈடான எடையைச் சேர்த்தால், அதே வேகத்தில் இருமடங்கு ஆழம் கிடைக்கும்.

எனவே விரைந்து நெருங்கவும் சட்டென்று திரும்பவும் முடியாத ரோபோவுக்கு எந்த ஆயுதமும் உதவாது. முதலில் சக்கரங்களைப் பூட்டி, ஆயுதத்தின் இடத்தில் அதே எடையுள்ள இரும்புத் துண்டொன்றை வைத்து, கை பழகும்வரை ஓட்டுங்கள். செங்குத்தாகச் சுழலும் வட்டு வைப்பவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்க்க வேண்டும்: வட்டு சுழலும்போது வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்.

ஆயுத அச்சை இரு பக்கமும் பேரிங் வைத்துத் தாங்குங்கள். மோட்டாரின் தண்டில் பட்டையை நேரே பூட்டுவது எளிது, ஆனால் முதல் மோதலிலேயே தண்டு வளைந்துவிடக்கூடும். நடுவில் ரப்பர் பெல்ட் இருந்தால், அடி விழும் கணத்தில் அது வழுக்கி மோட்டாரைக் காப்பாற்றும். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருப்பவர் உறவிலோ அயலிலோ இருந்தால் அச்சு வேலையை அவரிடமே கேளுங்கள். கொழும்புக்குப் போய்த் தேட வேண்டியதில்லை. சமநிலை பார்ப்பதை எனக்குக் காட்டித் தந்தவரும் அப்படி ஒருவர்தான். மட்டமாக நிறுத்திய இரண்டு சவர அலகுகளின் மேல் அச்சை வைத்து, பட்டையை மெல்லத் தட்டிவிட்டார். பாரமான பக்கம் கீழே வந்து நின்றது. அதை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "அவசரப்படாதீங்க தம்பி, கொஞ்சம் கொஞ்சமா எடுங்க" என்றார். எந்த நிலையில் விட்டாலும் பட்டை அங்கேயே நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும்.

பாதுகாப்பில் சலுகையே கிடையாது. 1990களில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ரோபோச் சண்டைப் போட்டியில், பின்னாளில் 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சித் தொடரை நடத்திய ஜேமி ஹைனமனின் பிளெண்டோ என்னும் சுழல் ரோபோ, அளவுக்கு மிஞ்சி ஆபத்தானது என்று விலக்கப்பட்டது. உங்களுடையது சிறியதுதான், ஆனால் கண்ணைப் பறிக்க அது போதும். பொலிகாபனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக் தகட்டால் மூடிய பெட்டிக்குள் மட்டுமே சுழற்றுங்கள். பேர்ஸ்பெக்ஸ் எனப்படும் அக்ரிலிக் தகடு சில்லுச்சில்லாகச் சிதறும் என்பதால் அது வேண்டாம். ரிமோட்டை அணைத்தால் ஆயுதமும் சக்கரமும் தாமாக நிற்கின்றனவா என்பதை, பட்டையைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பெட்டிக்கு வெளியே இருக்கும் நேரமெல்லாம் பட்டையில் பூட்டுக் கம்பி செருகியிருக்க வேண்டும்.

லித்தியம் பொலிமர் மின்கலத்தை ஆளில்லாத அறையில் சார்ஜில் போடாதீர்கள். ஊதிப்போனதை மறுபடி பயன்படுத்தாதீர்கள். நுவரெலியாக் குளிரில் அதன் மின்னழுத்தம் வழக்கத்தைவிட விரைவில் இறங்கும். ஓட்டுமுன் சற்று நேரம் சட்டைப்பைக்குள் வைத்து இளஞ்சூடாக்கிக்கொண்டால் போதும்.