மதிலோடு பழகினால் பாடெல் வரும்

பாடெல் என்பது கண்ணாடிச் சுவருக்குள் ஆடும், டெனிஸ் மாதிரியான ஒரு விளையாட்டு. அதைப் பழக ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்கிற திருகோணமலைக்காரர் எல்லோரிடமும் நான் ஒன்றுதான் சொல்கிறேன்: முதலில் நல்லதாக ஒரு மதிலைப் பிடியுங்கள். ராக்கெட் வாங்குவதையும் கோர்ட் பதிவு செய்வதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்த விளையாட்டைக் காட்டியது கட்டாரில் வேலை செய்யும் தம்பி. அங்கே இது பெரிய பைத்தியம். 2021, 2024 இரண்டு வருடமும் உலகச் சாம்பியன்ஷிப்பே தோஹாவில்தான் நடந்தது. அவனிடம் போயிருந்தபோது ஒரு நாள் இரவு என்னையும் கோர்ட்டுக்குள் இறக்கிவிட்டான். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள் நான். பந்து தலைக்கு மேலே வந்தால் பாய்ந்து பிடிக்கத்தான் கால் எழும்பும். தம்பியோ பக்கத்தில் நின்று, "விடுங்க அக்கா, விடுங்க! கண்ணாடியில பட்டு வரும்" என்று கத்தினான். விட்டேன். பந்து தோளைத் தாண்டிப் போய்த் தரையில் குத்தி, பின் கண்ணாடியில் தொம்மென்று மோதி, வேகம் அடங்கி என் இடுப்பு உயரத்துக்கே வந்து நின்றது. அடி என்று தானே கேட்பது போல. அந்த ஒரு பந்திலேயே விளையாட்டு எனக்குப் பிடித்துப்போனது.

கோர்ட் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பின்பக்கமும் பக்கங்களின் பின்பகுதியும் கண்ணாடி, மற்ற இடமெல்லாம் கம்பி வலை. நடு வலை மத்தியில் 88 சென்ரிமீட்டர். இரண்டு பேருக்கு எதிராக இரண்டு பேர். புள்ளிக்கணக்கு டெனிஸ் மாதிரியே 15, 30, 40. பந்து எதிராளியின் பக்கத்தில் முதலில் தரையில் குத்த வேண்டும், அதன் பிறகு கண்ணாடியில் படலாம். தரையில் குத்தாமல் நேரே கண்ணாடியில் பட்டால் புள்ளி அவர்களுக்கு. இந்த ஒரு விதி மனதில் பதிந்தால், ஓங்கி அடிக்கும் ஆசை தானாகக் குறையும்.

சர்வீஸ் போடப் பயப்படவே வேண்டாம். பந்தைத் தரையில் ஒருமுறை குத்தவிட்டு, இடுப்புக்கு மேலே போகாமல் கீழ்க்கையால் குறுக்கே அனுப்பினால் போதும். டெனிஸில் ஆட்களை விரட்டிவிடுவதே அந்தத் தலைக்கு மேல் சர்வீஸ்தான். அது இங்கே இல்லாததால், அறுபது வயதுக்காரரும் பதினைந்து வயதுப் பிள்ளையும் ஒரே கோர்ட்டில் நின்று உண்மையாகவே ஆடலாம்.

1969இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிக்கே கோர்குவேரா என்பவர், வீட்டில் இருந்த இடம் டெனிஸ் கோர்ட்டுக்குக் காணாது என்று சுற்றிவரச் சுவர் வைத்து ஆடத் தொடங்கியதுதான் இத்தனையும். ஆகவே மதில் இருக்கிற வீட்டில் இதைப் பழகுவதில் புதுமை ஒன்றுமில்லை.

உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின்முற்றம் சீமெந்துத் தரை. மதிலுக்கு இரண்டு எட்டு முன்னால், மதிலுக்கு முதுகு காட்டி நான் நிற்பேன். தம்பியின் மகள் எதிரே நின்று என் தலைக்கு மேலால் பந்தை எறிவாள். பழைய டெனிஸ் பந்து போதும், கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் வீட்டில் எப்படியும் இரண்டு கிடக்கும். பந்து குத்தி, மதிலில் பட்டு வரும்வரை கையைத் தூக்கக் கூடாது. காலை மட்டும் நகர்த்தி, பந்துக்குப் பின்னால் போய்விட வேண்டும். "மாமி, இன்னும் பின்னுக்கு!" என்பாள் அவள். சரியாகத்தான் சொல்வாள். பந்து உடம்புக்கு முன்னால் இருந்தால்தான் அடி நேராகப் போகும். முதலில் உள்ளங்கையால் தட்டிப் பழகுங்கள், அப்புறம் ராக்கெட். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் வேண்டாம், பந்து நினைத்த இடத்தில் விழாது. விடியற்காலை அருமையாக இருக்கும்.

ராக்கெட்டில் நரம்பு கிடையாது; ஓட்டை போட்ட தட்டையான மட்டை. தொடங்குகிறவர்கள் வட்டத்தலை உள்ளதையே எடுங்கள். பந்து நடுவில் படாவிட்டாலும் அது கையைக் காப்பாற்றும். வைரவடிவம் ஓங்கி அடிப்பவர்களுக்கு. தலைப்பக்கம் பாரம், முழங்கையும் நோகும். பிடியில் உள்ள கயிற்றை மணிக்கட்டில் கட்டாமல் ஒரு பந்துகூட அடிக்காதீர்கள். மட்டை கைநழுவினால் பக்கத்தில் நிற்பவரின் முகம்தான். சப்பாத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்: செயற்கைப் புல்லின் மேல் மணல் தூவியிருக்கும், ஓடுகிற சப்பாத்து வழுக்கும்.

நான் கோர்ட்டில் ஆடுவது கொழும்புக்குப் போகும்போதுதான். மணிக்கணக்கில் வாடகை என்பதால் நாலு பேராகப் போனால் கட்டுப்படியாகும். இப்போது நான், தம்பியின் மகள், பக்கத்து வீட்டு ரீச்சர் என்று மூன்று பேர் இருக்கிறோம். நாலாவது ஆள் இடக்கைக்காரராகக் கிடைத்தால் இன்னும் நல்லது. வலப்பக்கத்தில் நிறுத்தினால் நடுவில் வருகிற பந்தெல்லாம் அவருடைய முன்கைக்கே போகும்.