கண்ணாடித் தட்டில் நல்லெண்ணெய்

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது, மதுரையில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் பதிவாகியிருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. பதினோரு ஆண்டுகள் மண்டபங்களிலேயே படமெடுத்துப் பழகிய எனக்கு, கேமரா பைக்குள்ளேயே கிடப்பது பொறுக்கவில்லை. சின்னப் பொருள்களை மிக நெருக்கத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கக் கையில் பணம் இல்லாததால், ஒளி புகும் துவாரமான அபெர்ச்சரை லென்ஸில் உள்ள வளையத்தைத் திருப்பியே மாற்றும் பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை, எப்போதோ வாங்கி வைத்திருந்த ரிவர்ஸ் ரிங்கில், அதாவது லென்ஸின் முன்பக்கத்தைக் கேமராவோடு இணைக்கும் வளையத்தில், தலைகீழாக மாட்டினேன். அப்படி மாட்டினால் பொருளும் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும் அதன் பிம்பமும் ஏறத்தாழ ஒரே அளவாகிவிடும். ஆனால் பொருளுக்கு ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அருகில் போக வேண்டும்.

முதலில் கல் உப்பை எடுத்தேன். படத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதைவிட, கேமராவையே புத்தக அடுக்கின் மேல் வைத்து மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்துவதே பலன் தந்தது. சித்திரை வெயிலில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் எடுக்க முடிந்தது.

என்னை வாரக்கணக்கில் பிடித்து வைத்தது எண்ணெய்தான். நான்கு டம்ளர்களின் மேல் கண்ணாடித் தட்டை வைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, சில சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அடியில் மனைவியின் சிவப்புச் சுங்குடிச் சேலையை விரித்தேன். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஒரு துளி சேர்த்ததும் பெரிய எண்ணெய்த் திட்டு உடைந்து சிறு வட்டங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு வட்டமும் தானே ஒரு லென்ஸாகி, சேலையின் வெள்ளைப் புள்ளிகளை வளைத்துக் காட்டியது. சேலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினால் புள்ளிகள் கரைந்து வெறும் நிறமாகிவிடும், குறைத்தால் நூலிழைகூடத் தெரியும் என்பதால், எந்த உயரம் சரி என்று முடிவு செய்வதற்கே இரண்டு நாட்கள் ஆயின. மகளின் பிளாஸ்டிக் ஸ்கேலை மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கு முன் நிறுத்தி, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் வடிகட்டியை லென்ஸின் முன் வைத்துத் திரை கறுக்கும்வரை சுழற்றியபோது, வார்ப்பில் உறைந்துபோன அழுத்தமெல்லாம் வானவில் பட்டைகளாகத் தெரிந்ததையும் சொல்ல வேண்டும்.

ஆனால் நான் தொழில் செய்யும் விதத்தை மாற்றியது ஒரு எவர்சில்வர் கரண்டி. அதன் மேல் சாதாரண விளக்கு ஒரு வெள்ளைக் கீறலாகவே விழுந்தது. அதே விளக்குக்கு முன்னே பட்டர் பேப்பரைப் பிடித்து, அதைக் கரண்டிக்கு ஒரு சாண் அருகில் கொண்டுவந்ததும், கீறல் விரிந்து மெல்லிய ஒளியாகப் படர்ந்தது. சிறிய பொருளுக்குக் கையளவு தாளே பெரிய சன்னலாகிவிடுகிறது. மண்டபங்களில் நகையை நேர் ஃபிளாஷில் எடுத்துத் தங்கத்தை வெளிறடித்த என் பழைய படங்கள் அப்போது நினைவுக்கு வந்தன. அவற்றை நம்பி வாங்கிச் சென்ற குடும்பங்களை எண்ணி உண்மையிலேயே வருந்தினேன்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில், ஐம்பது பேருக்குள் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அந்தத் தாளையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். தாம்பாளத்தில் மஞ்சள் கயிற்றோடு இருந்த தாலியை, தாளின் வழியே வந்த ஒளியில் எடுத்துக் கேமராத் திரையில் காட்டியபோது, மணப்பெண்ணின் பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "ஆசாரி இம்புட்டு நுணுக்கமாவாப்பா செஞ்சிருக்காரு?" என்று கேட்டுவிட்டு, தாலியைக் கையில் எடுத்து மறுபடியும் பார்த்தார்.